சஸ்மிதா ஹிந்திக்காரி இல்லை: வேறு ஊர்க்காரரைக் கதையில் எழுதும்போது

திருப்பூரில் 19 வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறேன். ராத்திரியில் கதை எழுதுகிறேன். 2021இல், ஒடிசாவிலிருந்து வந்து, டெய்லருக்கு உதவியாக நிற்கும் கைமடியாகச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். அவள் பெயர் பூஜா சர்மா. சுத்த சைவம். ராத்திரி சப்பாத்தி சுடுவாள். ஹோலி வந்தால் ஊர் நினைப்பில் அழுவாள். தமிழ் பேசும்போது 'நம்பள் போறான், நிம்பள் வர்றான்' என்பாள். எழுதி முடித்தபோது எனக்கு நிறைவாகவே இருந்தது.

என் பக்கத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒடிசாவின் கேந்திராபாடா மாவட்டத்துக்காரி. நாலு வருடத்தில் தமிழ் நன்றாகப் பேசப் பழகியிருந்தாள், வாசிக்க மட்டும் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தவளை உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லா இருக்கு அக்கா. இந்தப் பொண்ணுக்கு எந்த ஊரு?"

"உங்க ஊருதான் கண்ணு."

"இல்லையே" என்றாள்.

அந்தக் கதையைத் திரும்ப எழுத எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நீங்கள் எழுதப்போவது ஒடியாப் பெண்ணாக இல்லாமல் நேபாளத்துக் காவலாளியாகவோ மணிப்பூர் செவிலியராகவோ இருக்கலாம். விவரங்கள் மாறும், வேலை இதேதான்.

முதலில் மாவட்டம்

'வடநாட்டுப் பெண்' என்று ஒருத்தி உலகத்தில் கிடையாது. 'ஒடிசாப் பெண்' என்பதுகூடப் போதாது. கடற்கரை ஒடிசா வேறு, மேற்கு ஒடிசா வேறு. பாலாங்கீர், சம்பல்பூர் பக்கத்து ஆட்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. அவர்களுக்குப் பெரிய பண்டிகை நுவாகாய். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் புது அரிசியைத் தெய்வத்துக்குப் படைத்துவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டு, பெரியவர்கள் காலில் விழுவார்கள். கேந்திராபாடா, கட்டக், பூரி பக்கம் பெண்பிள்ளைகள் வருடம் முழுக்க எதிர்பார்ப்பது ஜூன் நடுவில் வரும் ரஜோ பண்டிகையை. மூன்று நாள் பூமித்தாய்க்குத் தீட்டு என்று நம்புகிறார்கள். ஏர் பூட்டுவதில்லை, மண் தோண்டுவதில்லை. பெண்களுக்கு வேலையிலிருந்து ஓய்வு. புதுத்துணி உடுத்தி ஊஞ்சல் ஆடுவார்கள், பொடொ பிட்டா என்று ஒரு பலகாரத்தை நெருப்பில் வாட்டிச் செய்வார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர்கள் நாம். பூமிக்குத் தீட்டு என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு அதிக நேரம் ஆகக் கூடாது.

பாலாங்கீர்ப் பெண்ணை ஊஞ்சலில் உட்காரவைத்து ரஜோ கொண்டாடச் செய்தால், ஒடியா வாசகர் அந்த இடத்திலேயே கதையை மூடிவிடுவார். மதுரைக்காரர் வாயில் 'ஏனுங்க'வை வைத்தால் நாம் மூடுவதைப் போல.

ஆகவே முதல் வரி எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் மாவட்டத்தை எழுதுங்கள். பிறகு எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினாள் என்று எழுதுங்கள். டிட்லாகரிலோ ராயகடாவிலோ ஏறினவள் தன்பாத்–ஆலப்புழை வண்டியில் நேராகத் திருப்பூரில் இறங்கியிருக்கலாம். கட்டக்கில் ஏறினவள் வந்த வழி வேறு. இது கதையில் ஒரு வரிகூட வராமல் போகலாம், ஆனால் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்ட மண் இது. நாம் இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனால் வடக்கத்திப் பெயரின் பின்பாதி நம் காதுக்கு வெறும் ஓசையாகப் படுகிறது. அங்கே அது வெறும் ஓசை இல்லை. மொஹந்தி என்றால் கரண சாதி, பண்டா என்றால் பிராமணர் என்று ஊரே படித்துவிடும். சர்மா என்ற பின்பெயரைக் கேட்டதும் அந்தப் பெண், "இவங்க எதுக்கு அக்கா கைமடிக்கு வராங்க?" என்று கேட்டாள். நான் பூஜா சர்மாவை சஸ்மிதா பெஹெரா ஆக்கினேன். பெஹெரா பல சமூகங்களில் இருக்கும் பெயர். அது எனக்கு வேண்டியிருந்தது.

சோறு

சஸ்மிதா சப்பாத்தி சுட மாட்டாள், சோறு தின்பவள். அதுவும் பகாள். ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் புளித்ததும் உப்புப் போட்டுத் தின்பது. சிலர் தயிரும் சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீருக்குத் தொராணி என்று பெயர். நமக்கு அது பழைய சோறும் நீராகாரமும். கோடையில் மதியச் சாப்பாடே அதுதான். தொட்டுக்கொள்ள படி சூரா: உளுந்து வடகத்தை வறுத்து, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயோடு கையாலேயே நொறுக்கி, கடுகெண்ணெய் விட்டுப் பிசைவார்கள்.

அந்தக் கேந்திராபாடாப் பெண் எனக்கு அதைச் செய்து காட்டியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். வடகத்தை நொறுக்கிவிட்டு விரலை முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய் வாசம் சரியில்ல" என்றாள். திருப்பூர் மளிகைக்கடைகளில் இப்போது கடுகெண்ணெய் கிடைக்கிறது, அவள் வாங்கி வைத்திருந்ததும் அதுதான். ஆனாலும் அவள் ஊரில் செக்கில் ஆட்டுவதைப் போல மூக்கில் ஏறவில்லை. ஊர் நினைப்பைக் காட்ட நான் ஹோலி, அழுகை என்று ஒரு பக்கம் செலவழித்திருந்தேன். விரலை முகர்ந்த அந்த ஒரு கணம் அத்தனையையும் சொல்லிவிட்டது. பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

சைவம் என்று எழுதியதும் தப்பு. கடற்கரை ஒடியாக்காரர்களுக்கு மீன் உயிர். ஆனால் எல்லா நாளும் இல்லை. பல வீடுகளில் வியாழக்கிழமை மீன், கறி தொடமாட்டார்கள், லட்சுமியின் நாள் அது. அவர்களுடைய கார்த்திகை மாதம் (நமக்குப் பெரும்பாலும் ஐப்பசி) முழுக்க விடுகிறவர்களும் உண்டு. அதில் கடைசி ஐந்து நாளுக்கு 'கொக்குப் பஞ்சகம்' என்றே பெயர், அந்த ஐந்து நாளும் கொக்குகூட மீனைத் தொடாதாம். பௌர்ணமி முடிந்த மறுநாள் சாடகாய். அன்றைக்குக் கறிக்கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. புரட்டாசி முடிந்த ஞாயிறு நம் தெருவில் நடப்பது அப்படியே அங்கேயும் நடக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளாததால் என் கதையில் நடந்த பிழையைச் சொல்கிறேன். ஹாஸ்டலில் கோழிக்குழம்பு போடும் நாளில் அவள் தட்டைத் தள்ளி வைக்கிறாள். சமையல்கார அம்மா, "பாவம், ஊரு ஏக்கம்" என்கிறாள். நானும் கதைசொல்லியாக நின்று அதையே ஆமோதித்திருந்தேன். உண்மையில் அது கார்த்திகை மாதம், அவ்வளவுதான். சமையல்கார அம்மா தப்பாகப் புரிந்துகொள்ளலாம், கதைக்கு அது நல்லதும்கூட. எழுதுகிறவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு

இங்கேதான் நாம் அதிகம் கெடுக்கிறோம். 'நம்பள், நிம்பள்' என்பது நம் சினிமா அடகுக்கடை சேட்டுக்காகச் செய்துவைத்த தமிழ். எந்த ஒடியாக்காரரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒருவர் இன்னொரு மொழியைப் பேசும்போது செய்கிற பிழை தாய்மொழியிலிருந்து வருகிறது. ஒடியா மொழியில் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. வந்தான், வந்தாள் இரண்டுக்கும் ஒரே சொல். அவன், அவள் இரண்டுக்கும்கூட 'செ' என்ற ஒரே சொல்தான். அதனால் புதிதாகத் தமிழ் பேசும் ஒடியாப் பெண், "சூப்பர்வைசர் அக்கா வந்தான்" என்பாள். ஹிந்தியிலும் இதே இடத்தில் தடுக்குவார்கள், ஏனென்றால் ஹிந்தியும் அவர்களுக்கு இன்னொருத்தர் மொழி. இன்னொன்று: ஒடியாவில் நம் 'ள' இருக்கிறது, 'ண'வும் இருக்கிறது. 'வள்ளி' என்று அவள் சுத்தமாகச் சொல்வாள். 'ழ' மட்டும் வராது. நம்மில் பலருக்கே வருவதில்லை.

ஊர்ப்பெயர், ஆள்பெயர் எழுதும்போதும் இதைக் கவனியுங்கள். ஹிந்திக்காரர் ஜகன்னாத் என்று மெய்யில் நிறுத்துவார். ஒடியாவில் கடைசி உயிர் நிற்கும், 'அ' ஒலி 'ஒ'வை ஒட்டி வரும். ஜொகொன்னாதொ. கதை முழுக்க அப்படி எழுத வேண்டாம், படிக்கிறவருக்குக் கஷ்டம். அவள் அம்மா சாமியைக் கூப்பிடும் ஒரே ஒரு இடத்தில் எழுதினால் போதும்.

அவள் தன் மொழியில் பேசும் இடங்களை நல்ல, முழுமையான தமிழில் எழுதுங்கள். தன் அம்மாவோடு போனில் பேசும்போது அவள் புத்திசாலி, கேலிக்காரி, கோபக்காரி. உடைந்த தமிழ் அவளுடைய மூளை இல்லை. என் முதல் பிரதியில் அவள் நினைப்பதுகூட உடைந்த தமிழில் இருந்தது. அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அம்மா போன் செய்யும் இடத்தில் நான், 'எப்படி இருக்கிறாய் மகளே' என்று எழுதியிருந்தேன். அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். "அம்மா அப்படிக் கேக்காது. 'காயிலு கி'ன்னுதான் கேக்கும்." சாப்பிட்டியா என்று அர்த்தம். எனக்கு வெட்கமாக இருந்தது. என் அம்மாவும் போனை எடுத்ததும் அதையேதான் கேட்கிறார். வேறு ஊர்க்காரர் என்றதும் வீட்டில் யாருமே பேசாத ஒரு நாடகத் தமிழை அவர் அம்மா வாயில் வைத்துவிட்டேன்.

'வடக்கன்' என்ற வசைச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கதையில் ஒரு பாத்திரம் அதைச் சொல்லலாம், ஊரில் சொல்கிறார்கள். கதைசொல்லியின் வாக்கியத்தில் அது வரவே கூடாது.

அவள் நியாயத்தை எங்கிருந்து எடுக்கிறாள்

பண்டிகை, உடை, நகை எல்லாம் இரண்டு நாளில் தெரிந்துகொள்ளலாம். அதிகம் எழுதவும் வேண்டாம், அலங்காரமாகத் தொங்கும். ஒருவருக்கு அநியாயம் நடக்கும்போது மனசுக்குள் எந்தக் கதை எழுந்து நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கும்.

என் கதையில் ஒரு காட்சி. ஹாஸ்டலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா சஸ்மிதாவுக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறாள், பிறகு அதைக் கழுவாமல் திண்ணையிலேயே கவிழ்த்து வைக்கிறாள். சஸ்மிதா அறைக்குப் போய் அழுகிறாள். இப்படித்தான் எழுதியிருந்தேன். மொட்டைமாடியில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க வீட்டுல மார்க்கசிர மாசம் வியாழக்கிழமை ஒரு கதை படிப்பாங்க" என்று ஆரம்பித்தாள்.

பலராம தாசர் சுமார் 500 வருடத்துக்கு முன்னால் ஒடியாவில் பாடிய லட்சுமி புராணம் அது. அந்த மாத வியாழக்கிழமைகளில் பெண்கள் வீட்டை மெழுகி, அரைத்த அரிசிமாவுக் கரைசலில் விரலைத் தோய்த்து, தரையில் லட்சுமியின் பாதமும் சுவரில் நெற்கதிரும் வரைவார்கள். பிறகு இந்தக் கதையைப் படிப்பார்கள். லட்சுமி ஊரைச் சுற்றி வருகிறாள். ஸ்ரீயா என்ற சண்டாளப் பெண்ணின் வீடு சுத்தமாக, பக்தியாக இருப்பதைப் பார்த்து உள்ளே போகிறாள். ஜகன்னாதரின் அண்ணன் பலராமர் அதைப் பார்த்துவிட்டு, அவளைக் கோயிலுக்குள் சேர்க்காதே என்கிறார். ஜகன்னாதர் அண்ணன் பேச்சைக் கேட்டு மனைவியை வெளியே அனுப்புகிறார். லட்சுமி போய்விடுகிறாள். அவளோடு சோறும் போய்விடுகிறது. அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருடம் பிச்சைக்கு அலைகிறார்கள். கடைசியில் அவள் வாசலுக்கே பசியோடு வந்து நிற்கிறார்கள். இனி என் பிரசாதத்தை எல்லாச் சாதியும் ஒன்றாக உண்ணும் என்று ஒப்புக்கொண்டால்தான் திரும்பி வருவேன் என்கிறாள்.

இதைச் சின்ன வயசிலிருந்து வருடாவருடம் கேட்டு வளர்ந்த ஒருத்தி, தனி டம்ளரைப் பார்த்ததும் என்ன நினைப்பாள்? அழலாம், அழாமலும் போகலாம். அந்தப் பெண் சொன்னாள்: "அந்த அம்மா வீட்டுல இனி சோறு வேகாது அக்கா. லட்சுமி போயிட்டா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். என் கதையில் சஸ்மிதா இப்போது அழுவதில்லை. டம்ளரைத் தானே எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, 'இந்த வீட்டை விட்டு யாரோ கிளம்பிவிட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டு போகிறாள். கதையில் புராணத்தின் பெயர் இல்லை, விளக்கமும் இல்லை. ஒடியா தெரிந்தவருக்கு அந்த வரி இன்னும் ஆழமாகப் படும். மற்றவருக்கும் புரியும்.

இப்படி ஒரு கதை எல்லா ஊரிலும் இருக்கும். 'உங்க பண்பாடு என்ன' என்று கேட்டால் கிடைக்காது. நீங்கள் எழுதிய காட்சியைச் சொல்லி, 'உனக்கு என்ன தோணுது' என்று கேட்டால் கிடைக்கும்.

கேட்கிற முறை

கம்பெனிக்குள் கேட்காதீர்கள். சூப்பர்வைசரோ வார்டனோ காதில் விழும் தூரத்தில் இருந்தால் 'எல்லாம் நல்லா இருக்கு' என்ற ஒரே பதில்தான் வரும். ஹாஸ்டல் பெண்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அதில் துணி துவைக்கணும், கடைக்குப் போகணும், ஊருக்குப் பேசணும். நீங்களும் கூட ஒரு வாளித் துணி அலசிக்கொண்டே கேளுங்கள்.

சம்பளம், கடன், கல்யாணம் மூன்றையும் நீங்களாகக் கேட்காதீர்கள். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் பார்த்துப் போங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அந்த வாரம் திருப்பூர் ஸ்டேஷனில் பையோடு நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். அதே வருடம் ஜூன் 2ஆம் தேதி பாலேசுவர் பக்கம் பாஹாநாகாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து நடந்தது. ஹாஸ்டல் பெண்கள் ராத்திரி முழுக்க, வண்டியில் வருகிறவர்களின் நம்பரை மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் நோட்டோடு போகாதீர்கள். தண்ணீர் பாட்டிலோடும் சார்ஜரோடும் போங்கள்.

ஒருவர் சொன்ன சொந்தச் சம்பவத்தை அப்படியே கதையாக்காதீர்கள். வடகம் செய்யும் முறை, சொல், வழக்கம் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். அவர் அக்காவின் கல்யாணம் நின்ற கதை அவருடையது. அந்தப் பெண் எனக்கு அப்படி ஒன்று சொன்னாள். அது இந்தக் கதையிலும் இல்லை, இனி எழுதப்போகும் எதிலும் வராது.

உதவினவருக்குப் பணம் கொடுங்கள். கதைக்கு எனக்குக் கிடைத்த தொகையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். ஓவர்டைம் மாதிரி வைத்துக்கொள் என்றதும் வாங்கிக்கொண்டாள்.

நான் என்று எழுதலாமா?

இதில் என் கருத்தைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். வேறு பண்பாட்டு ஆளை முதன்முதலாக எழுதும்போது 'நான்' என்று அவர் குரலில் ஆரம்பிக்க வேண்டாம். பக்கத்து மேசையில் நிற்கும் தமிழ்ப் பெண்ணின் கண்ணில் ஆரம்பியுங்கள். அவளுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாததாக இருக்கட்டும். நாலைந்து கதை எழுதி, அந்த ஊர்க்காரர்கள் கேட்டு, 'ஆமா, எங்க ஊருதான்' என்று சொன்ன பிறகு 'நான்' எழுதலாம். நான் இன்னும் எழுதவில்லை.

ஆனால் பார்வையை ஒருவழியாக விடாதீர்கள். நாம் அவளைப் பார்க்கிற அளவுக்கு அவளும் நம்மைப் பார்க்கிறாள். நம்மிடம் எது விசித்திரம் என்று என் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டேன். தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வருவது என்றாள். எல்லாக் குழம்பிலும் புளி என்றாள். அப்புறம், கொஞ்சம் தயங்கி, வேறொன்று சொன்னாள்.

அவள் வந்த புதிதில் என்னை, "அக்கா, வா. அக்கா, எடு. சீக்கிரம் போ" என்பாள். கொங்கு நாட்டில் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்பவர்கள் நாங்கள். மரியாதை தெரியாத பிள்ளை என்று மேசையில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஒடியாவில் மரியாதைக்கு மூன்று படி இருக்கிறது: து, துமே, ஆபொணொ. மரியாதை தெரியாத மொழி இல்லை அது. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்? லைனில் நின்று வா, போ, எடு, வை, சீக்கிரம் என்று அவளிடம் சொன்னவர்கள்தான். தமிழில் பேசினால் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "எனக்கு யாரும் 'வாங்க' சொல்லல அக்கா. அதனால அந்த வார்த்தை தெரியல."

கதையின் கடைசிக் காட்சியை அதன் பிறகு மாற்றினேன். சனிக்கிழமை சம்பளம் போட்ட மறுநாள். ஹாஸ்டலுக்கு ஜாஜ்பூரிலிருந்து ஒரு புதுப் பெண் வருகிறாள், கையில் தகரப் பெட்டி. கதவைத் திறக்கும் சஸ்மிதா ஒடியாவில் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தமிழில் முதல் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறாள். "வாங்க. சொல்லு, வாங்க."

எனக்கு இதையெல்லாம் சொன்ன கேந்திராபாடாப் பெண் இப்போது ஊருக்குப் போய்விட்டாள். போனில் கடைசிக் காட்சியைச் சொன்னேன். "ஜாஜ்பூரா? சரி, அங்க அப்படித்தான் பெட்டி கொண்டு வருவாங்க" என்றாள். பிறகு சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.